சராசரிப் பிரயாணி எங்கே இருக்கிறார்?

(நமது கட்கி நிருபர்)

ஒரே லைன் வீடு. ஒரே கம்பெனி. ஒரே கேட். காலையில் உள்ளே போகவேண்டிய நேரமும் ஒன்றே. ஆனால் மூன்று பேர் மூன்று வழியில் போகிறார்கள்.

கட்கி பஜார் பக்கம் எங்கள் லைனில் குடியிருக்கும் மூன்று தமிழர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். மூவருக்கும் பிம்ப்ரியில் வேலை. முதலாமவர் திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கம்பெனியில் பெர்மனென்ட். சீசன் டிக்கெட் எடுத்து லோக்கல் ரயிலில் போகிறார். இரண்டாமவர் வேலூர்ப் பக்கத்து இளைஞர். காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் மெட்ரோவில் போகிறார். மூன்றாமவர் சேலத்து அம்மாள். அதே காண்ட்ராக்டரிடம் அதே கூலிக்கு வேலை பார்க்கிறவர். அவர் ஷேர் ஆட்டோவில் போகிறார்.

கூலி குறைந்தவர் மலிவான வண்டியைத் தேடுவார், சம்பளம் கூடியவர் வேகமான வண்டியைத் தேடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழாக இருக்கிறது. லோக்கலில் கட்கியிலிருந்து பிம்ப்ரிக்கு 5 ரூபாய்தான். அதைவிடப் பல மடங்கு கொடுத்து மெட்ரோவில் ஏறுகிறவர் கூலி குறைந்த இளைஞர்!

காரணம் கேட்டேன். "அண்ணாச்சி அஞ்சு நிமிஷம் லேட்டா போனா சூப்பர்வைசர் முறைப்பாரு, அவ்வளவுதான். நான் லேட்டா போனா அரை நாள் கூலி போயிடும் சார்" என்றார்.

சேலத்து அம்மாளுக்கு வேறு காரணம். "போறதுக்கு எதுல வேணாலும் போலாம் தம்பி. ராத்திரி திரும்பி வரும்போது ஸ்டேஷன்ல இருந்து நடக்கற ரோடு இருட்டு. ஆட்டோன்னா லைன் முனையிலயே எறக்கி விட்டுடறான்" என்றார்.

ஆக, ஒருவருக்கு நேரம் பெரிது. ஒருவருக்குக் காசு பெரிது. ஒருவருக்குப் பயமின்மை பெரிது. ரயில் விடுகிறவர்களுக்கும், பஸ் விடுகிறவர்களுக்கும், மெட்ரோ கட்டுகிறவர்களுக்கும் இந்த வேற்றுமை தெரியுமா? தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நாளைக்கு எந்த பஸ் ஓடும், எந்த பஸ் நிற்கும் என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது.

கட்கியும் வண்டிகளும்

கட்கிக்கும் பிரயாண வசதிக்கும் பழைய உறவு. 1858-ம் ஆண்டிலேயே புனேயிலிருந்து கண்டாலாவுக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1869-ல் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. ராணுவ ஒர்க்‌ஷாப்பும், மற்றொரு வெடிமருந்து ஆலையும் பிறகு வந்தன. வேலை இருக்கும் இடத்துக்கு நம்மவர் வருவது வழக்கம்தானே! கட்கியிலும் தேஹு ரோடிலும் தமிழ்க் குரல் கேட்பது இதனால்தான்.

புனே-லோணாவ்ளா மின்சார லோக்கல் ரயில் 1978-ல் வந்தது. புனே பஸ்ஸும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பஸ்ஸும் தனித்தனியாக இருந்தவை 2007-ல் ஒன்றாகி பி.எம்.பி.எம்.எல். ஆயின. 2022-ம் ஆண்டு மார்ச்சில் புனே மெட்ரோ தொடங்கியது. 2023 ஆகஸ்டில் சிவில் கோர்ட் வரை நீண்டது. அப்போது வண்டி நம் கட்கியைத் தாண்டிப் போனதே தவிர நிற்கவில்லை. 2025-ல்தான் கட்கி மெட்ரோ ஸ்டேஷன் திறக்கப்பட்டது.

ஆக இன்றைக்குக் கட்கிக்காரர் ஒருவருக்கு லோக்கல், பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ, சொந்த மோட்டார் சைக்கிள் என்று ஐந்து வழிகள். அதில் எதை அவர் எடுப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதுதான் கேள்வி.

நான் செய்த தவறு

இந்த விஷயத்தில் நான் நுழைந்ததே ஒரு தவறினால்தான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் லைனுக்கு ஒரு மாணவர் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். இங்கே எஞ்சினீரிங் மேல்படிப்பு படிக்கிறவர். கையில் ஒரு கட்டுப் பாரம். ஒவ்வொன்றிலும் எட்டுக் கேள்விகள். "ஒரு வண்டியில் 10 ரூபாய், 40 நிமிடம், கூட்டம் அதிகம். மற்றொன்றில் 20 ரூபாய், 25 நிமிடம், உட்கார இடம் உண்டு. எதில் போவீர்கள்?" இந்த மாதிரிக் கேள்விகள். பாரம் மராத்தியிலும் இங்கிலீஷிலும் இருந்தது.

நம்மவர்களில் பலருக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. "சார் ரயில்வேயில இருக்கார், அவரே போட்டுத் தருவார்" என்று எல்லாரும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். பையனும் வேறு லைனுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். எனக்கோ டியூட்டி முடிந்து வந்த அலுப்பு. 22 பாரத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே முடித்தேன். எல்லாக் கேள்விக்கும் மலிவான வண்டியையே டிக் அடித்தேன். தொழிலாளி என்றால் காசைத்தான் பார்ப்பான், வேறென்ன என்று எண்ணம்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேலூர் இளைஞர் மெதுவாகக் கேட்டார்: "நான் மெட்ரோவுலதானே சார் போறேன்? எதுக்கு சார் லோக்கல்னு போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கவுண்டரில் உட்கார்ந்து தினமும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவன் நான். ஊருக்குப் போக ஒருவர் ஸ்லீப்பர் கிடைத்தால் போதும் என்பார். அடுத்தவர் ஒரு நாள் லீவு மிச்சமானால் தட்கால் கட்டணம் கொடுக்கிறேன் என்பார். மூன்றாமவர் அம்மாவுக்குக் கீழ் பெர்த் இல்லையென்றால் டிக்கெட்டே வேண்டாம் என்பார். இவ்வளவும் தெரிந்த நானே 22 பேரை ஒரே ஆளாக்கிவிட்டேன்.

பையன் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. 22 பாரத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "பரவாயில்லை அண்ணே. புதுசா ரெண்டு நாள் வந்து ஒவ்வொருத்தரா கேட்டுக்கிறேன். ஆனா நீங்க செஞ்ச இதே தப்பை உலகத்துல பெரிய பெரிய எஞ்சினீயர்களும் ரொம்ப நாள் செஞ்சாங்க" என்றார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்கும் புரியும்படி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நாள் அவர் விளக்கியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது

முன்காலத்தில் புதிய ரயில் பாதை போடுகிறவர்கள் ஊரைப் பேட்டை பேட்டையாகப் பிரிப்பார்கள். இந்தப் பேட்டையில் இத்தனை ஆயிரம் பேர், அந்தப் பேட்டையில் இத்தனை வேலை. ஆகவே நடுவில் இத்தனை பேர் போவார்கள் என்று மொத்தமாகக் கணக்கிடுவார்கள். தனி மனிதன் அந்தக் கணக்கில் கிடையாது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 'பார்ட்' என்ற மின்சார ரயில் 1972-ம் ஆண்டு செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 100-க்கு 15 பேர் இந்த ரயிலில் போவார்கள் என்று பழைய முறையில் அதிகாரிகள் மதிப்பிட்டிருந்தார்கள்.

டேனியல் மெக்ஃபாடன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் வேறு வழியில் போனார். அவரும் அவருடைய சகாக்களும் ரயில் வருமுன், வேலைக்குப் போகும் 771 பேரிடம் தனித்தனியாக விவரம் திரட்டினார்கள். எதில் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு நடை என்று பார்த்தார்கள். அதை வைத்துக்கொண்டு, ரயில் வந்தால் அதில் 100-க்கு 6.3 பேர் போவார்கள் என்று சொன்னார்கள்.

ரயில் வந்த பிறகு எண்ணிப் பார்த்தபோது 100-க்கு 6.2 பேர் போனார்கள்! இவ்வளவு நெருக்கமாக வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு என்று மெக்ஃபாடனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆளைக் கேட்டுப் போடும் கணக்கு, பேட்டையை அளந்து போடும் கணக்கைவிட மேல் என்பது நிரூபணமாயிற்று. 2000-ம் ஆண்டில் ஜேம்ஸ் ஹெக்மன் என்பவரோடு சேர்த்து மெக்ஃபாடனுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மனத்துக்குள் போடும் மார்க்

அவருடைய முறை என்ன? வண்டி ஏறும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் மார்க் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வது. கட்டணம் கூடினால் மார்க் குறையும். நேரம் கூடினால் மார்க் குறையும். நடை கூடினால் இன்னும் குறையும். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் 10 நிமிடத்தைவிட, ஸ்டாப்பில் நின்று காத்திருக்கும் 10 நிமிடம் நமக்கு அதிகமாகக் கசக்கிறது அல்லவா? அதையும் கணக்கில் பிடிக்கலாம்.

மார்க் அதிகமான வண்டிக்கு ஆள் அதிகம். ஆனால் எல்லாரும் அதற்கே போய்விடுவதில்லை. மார்க்கைச் சதவீதமாக மாற்றித் தரும் சூத்திரத்துக்கு 'லாஜிட்' என்று பெயர். 1974-ல் மெக்ஃபாடன் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தம்.

அருமையான சூத்திரம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் காட்டுவதற்குச் சொல்லும் கதை வேடிக்கையானது.

சிவப்பு பஸ், நீல பஸ்

கட்கியில் 100 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் லோக்கல் ரயிலில் போகிறார்கள். 50 பேர் சிவப்பு பஸ்ஸில் போகிறார்கள். இப்போது அதே ரூட்டில், அதே கட்டணத்தில், அதே வேகத்தில் நீல பஸ்ஸும் விடுகிறார்கள். நிறம் மட்டும்தான் வேறு.

என்ன நடக்கும்? சிறு பிள்ளையும் சொல்லும். ரயிலில் போகிற 50 பேர் ரயிலிலேயே போவார்கள். பஸ் ஆட்கள் 25-ம் 25-மாகப் பிரிவார்கள்.

ஆனால் லாஜிட் சூத்திரம் என்ன சொல்லும்? ரயிலுக்கும் சிவப்பு பஸ்ஸுக்கும் முன்னே ஒன்றுக்கு ஒன்று என்று இருந்த விகிதத்தை அது மாற்றாது. நீல பஸ்ஸும் சிவப்பு பஸ்ஸும் சமம். ஆகவே மூன்றுக்கும் 33, 33, 33 என்று பங்கு போட்டுவிடும். அதாவது பஸ்ஸுக்கு வேறு பெயிண்ட் அடித்த ஒரே காரணத்துக்காக 17 பேர் ரயிலை விட்டு இறங்கிவிட்டார்களாம்!

சிரிப்பு வருகிறது. ஆனால் விஷயம் சிரிப்பல்ல. கட்கியில் மெட்ரோ நின்றதும் அது யாருடைய பிரயாணிகளை எடுக்கும்? லோக்கலில் இருந்தா, பஸ்ஸில் இருந்தா, மோட்டார் சைக்கிளில் இருந்தா? எல்லாவற்றிலிருந்தும் விகிதப்படி எடுக்கும் என்று பழைய சூத்திரம் சொல்லும். அதை நம்பி யாராவது ஒரு ரூட் பஸ்ஸைக் குறைத்துவிட்டால், உண்மையில் அந்த பஸ்ஸையே நம்பியிருக்கிறவர் நடுரோட்டில் நிற்பார்.

ஓட்டைக்குக் காரணம் என்ன? எல்லாப் பிரயாணிகளும் ஒரே தராசு வைத்திருக்கிறார்கள் என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. வருமானம், வயது போன்ற கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசங்களை அதில் சேர்க்கலாம். ஆனால் ஒரே கூலி வாங்கும் வேலூர் இளைஞருக்கும் சேலத்து அம்மாளுக்கும் இடையே உள்ள, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்? அதற்கு அங்கே இடம் இல்லை.

சராசரி செய்யும் கொடுமை

ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடிதான் என்று கணக்குப் பார்த்து, குடும்பத்தோடு இறங்கி முழுகிப்போன கணக்குப்பிள்ளையின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். பிரயாணக் கணக்கிலும் அதே கதைதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நானே போடும் கணக்கு.

ஒரு பஸ்ஸில் பத்துப் பேர். கட்டணம் 10 ரூபாய். புதிதாக ஒரு வேக பஸ் வருகிறது. கட்டணம் 15 ரூபாய். ஆனால் 10 நிமிடம் மிச்சம்.

பத்துப் பேரில் ஐந்து பேருக்கு அந்த 10 நிமிடம் 12 ரூபாய் பெறும். மற்ற ஐந்து பேருக்கு அது 2 ரூபாய்தான் பெறும். சராசரி எடுத்தால் 7 ரூபாய். கூடுதல் கட்டணமோ 5 ரூபாய். 7 பெரியதா, 5 பெரியதா? 7 தான். ஆகவே 'சராசரிப் பிரயாணி' வேக பஸ்ஸைத்தான் விரும்புகிறார், பழைய பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று மேஜையில் தீர்மானம் ஆகிவிடும்.

பலன் என்ன? முதல் ஐந்து பேருக்கு ஆளுக்கு 7 ரூபாய் லாபம். மொத்தம் 35. மற்ற ஐந்து பேருக்கு ஆளுக்கு 3 ரூபாய் நஷ்டம். மொத்தம் 15. கழித்தால் 20 ரூபாய் லாபம் என்று காகிதம் காட்டும். ஆனால் அந்த ஐந்து பேர் ஒவ்வொருவருக்கும் போக வர தினம் 10 ரூபாய் கூடுதல். 26 நாள் வேலை என்றால் மாதம் 260 ரூபாய். ஊருக்கு மணியார்டரோ, இப்போது போனிலோ பணம் அனுப்புகிறவருக்கு 260 ரூபாய் என்பது என்ன என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பஸ்ஸையும் விட்டால்? விருப்பமுள்ள ஐந்து பேர் வேக பஸ்ஸுக்கு மாறுவார்கள். லாபம் 35. நஷ்டம் யாருக்கும் இல்லை. இரண்டு பஸ் ஓட்டும் செலவு தனிக் கணக்கு, அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பத்துப் பேரும் ஒருவரே என்று நினைக்கிறவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

இந்தப் பத்துப் பேரில் 10 நிமிடத்துக்கு 7 ரூபாய் கொடுக்கிறவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சராசரிப் பிரயாணி என்பவர் பிறக்கவே இல்லை!

கலப்பு லாஜிட்

இந்தக் குறையைத் தீர்க்க வந்த முறைக்கு 'மிக்ஸட் லாஜிட்' என்று பெயர். தமிழில் கலப்பு லாஜிட் எனலாம். இதன் முதல் முயற்சிகள் 1980-லேயே அமெரிக்காவில் மோட்டார் கார் வாங்குகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் வந்தன. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய சுமை. 2000-ம் ஆண்டில் மெக்ஃபாடனும் கென்னத் டிரெய்ன் என்பவரும் சேர்ந்து இந்த முறையின் வலிமையைக் கணித ரீதியாக நிலைநாட்டினார்கள்.

தத்துவம் எளிது. நேரத்துக்கு எல்லாரும் போடும் மார்க் ஒன்றே என்று சொல்லாதே. அது ஆளுக்கு ஆள் விரிந்து கிடக்கிறது என்று சொல். நடுவில் எவ்வளவு, இரு பக்கமும் எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்ற இரண்டையும் கண்டுபிடி. பழைய முறை நடுவை மட்டும் சொன்னது. புதிய முறை விரிவையும் சொல்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பாரத்தில் எட்டுக் கேள்வி ஏன் என்பது விளங்குகிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாது. ஒரே ஆளிடம் எட்டு விதமாகக் கேட்டால், அவர் திரும்பத் திரும்ப எதைத் தேடுகிறார் என்று தெரிந்துவிடும். எட்டிலும் ஒருவர் மலிவையே எடுத்தால் அவர் காசுக்காரர். கூட்டமில்லாத வண்டியையே எடுத்தால் அவர் சௌகரியக்காரர். பலருடைய பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் ஊரில் எப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உருவம் கிடைக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. ஆயிரம் கற்பனைப் பிரயாணிகளை அது உண்டாக்குகிறது. ஒருவருக்கு நேரம் பெரிது, ஒருவருக்குக் காசு பெரிது என்று அந்த விரிவுக்குள்ளிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தராசு கொடுக்கிறது. ஒவ்வொருவரும் எதில் ஏறுவார் என்று பார்த்து, கடைசியில் கூட்டிப் பங்கிடுகிறது. பஸ் பிடித்தவர் இரண்டு நிற பஸ்ஸுக்கும் மார்க் கூடப் போடுவார். ரயில் பிடித்தவர் இரண்டுக்கும் குறைத்துப் போடுவார். ஆகவே நீல பஸ் வந்தால் அது சிவப்பு பஸ்ஸிடமிருந்துதான் பெரும்பாலும் ஆளை எடுக்கும். கதையின் ஓட்டை அடைபட்டுப் போகிறது.

சென்னையில் படித்தவர் காட்டிய வழி

இதில் நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி ஒன்று உண்டு. ஆயிரம் கற்பனை ஆட்களை உண்டாக்குவது கம்ப்யூட்டருக்கு நேரம் பிடிக்கும் வேலை. அதைச் சுருக்கும் வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர் சந்திரா பட். சென்னை ஐ.ஐ.டி.யில் 1985-ல் சிவில் எஞ்சினீரிங் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர்.

அவர் சொன்னது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். விதையைக் கைபோன போக்கில் வீசினால் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் விழும். வயல் முழுவதும் பரவ நிறைய விதை வேண்டும். வரிசையாக நாற்று நட்டால் குறைந்த நாற்றிலேயே வயல் நிறையும். கற்பனை ஆட்களையும் குருட்டாம்போக்கில் எடுக்காமல், 'ஹால்ட்டன்' வரிசை என்ற எண் வரிசைப்படி சீராகப் பரப்பி எடுத்தால் போதும். இப்படி 100 பேரை எடுத்தால், குருட்டாம்போக்கில் 1,000 பேரை எடுத்ததைவிடத் துல்லியமாக வருகிறது என்று 2001-ல் அவர் காட்டினார். அதற்குப் பிறகு இந்த முறை பல நாடுகளிலும் வேகமாகப் பரவியது.

நம் நாட்டிலும் இது வராமல் இல்லை. கல்கத்தா பஸ் பிரயாணிகள் வேகத்துக்கும், நெரிசல் இல்லாமைக்கும் எவ்வளவு காசு கூடக் கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள்.

டில்லியில் விட்டுப்போனவர்கள் யார்?

டில்லி மெட்ரோ 2017-ல் மே மாதமும் அக்டோபர் மாதமும் இருமுறை கட்டணத்தை உயர்த்தியது. செப்டம்பரில் தினம் சராசரி 27.4 லட்சம் பேர் போனார்கள். அக்டோபரில் அது 24.2 லட்சமாகக் குறைந்தது. பண்டிகை விடுமுறைகளும் அந்த மாதத்தில் உண்டு. எல்லாமே கட்டணத்தால் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சுமார் 3 லட்சம் என்பது சின்ன எண் அல்ல.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பது மட்டுமல்ல. யார் விட்டுப்போனார்கள்? நேரத்துக்கு விலை கொடுக்கிறவர் தங்கியிருப்பார். காசு பார்க்கிறவர் பஸ்ஸுக்கோ நடைக்கோ போயிருப்பார். மொத்த எண்ணிக்கை இதைச் சொல்லாது. விரிவைப் பார்க்கும் கணக்குத்தான் சொல்லும்.

கணக்குக்கும் எல்லை உண்டு

இந்தக் கணக்கு எல்லாம் தெரிந்த கடவுள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கேட்கப்பட்டவரைத்தான் அது அறியும். கேட்கப்படாதவர் அதில் இல்லை. சாயங்காலம் வந்து கேட்டால் இரண்டாவது ஷிப்டுக்காரர் வீட்டில் இருக்க மாட்டார். ஆண்களை மட்டும் கேட்டால் இருட்டு ரோடு பாரத்தில் ஏறாது. பாரத்தின் மொழி தெரியாதவர் என் போன்ற ஒருவரிடம் தள்ளிவிடுவார்.

ஒரே ஆளும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சம்பளம் வாங்கிய வாரம் மெட்ரோவில் போகிற வேலூர் இளைஞரே மாதக் கடைசியில் லோக்கல் கியூவில் நிற்பதை நான் பார்க்கிறேன். மழை பெய்தால் கதை வேறு. மத்தியானத்தில் லோக்கல் குறைவு, அப்போது வேறு கதை.

ஆகவே கணக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும், அதன் வாயில் நாம் போடும் பதில்தான் அதற்குச் சோறு. பொய்யைப் போட்டால் பொய்யைத்தான் அரைத்துத் தரும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

கட்கியிலோ, தேஹு ரோடிலோ, பிம்ப்ரியிலோ இப்படி யாராவது பாரத்தோடு வந்தால் விரட்டாதீர்கள். நாலு விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள். படிக்க வராவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையே எனக்கும் போடு என்று சொல்லாதீர்கள்.

கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லாதீர்கள். கௌரவத்துக்காக மெட்ரோ என்றோ, கட்டணம் குறையட்டும் என்று தந்திரமாக லோக்கல் என்றோ சொல்லாதீர்கள். நிஜமாக எதில் ஏறுவீர்களோ அதைச் சொல்லுங்கள்.

ஷிப்டு, மழை, மாதக் கடைசி எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

முக்கியமாக, வீட்டுப் பெண்களைத் தனியாகப் பதில் சொல்ல விடுங்கள். அவர்களுக்காக நீங்கள் சொல்லாதீர்கள். நான் 22 பேருக்காகச் சொன்னது போதும்.

சொன்னபடியே கோவில்பட்டிப் பையன் இரண்டு நாள் சாயங்காலம் வந்தார். கேள்வியைத் தமிழிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாரும் மலிவுதான் என்று நான் அடித்த டிக் ஒன்றுகூட முழுதாக யாருக்கும் பொருந்தவில்லை.

கடைசியாகத் திருநெல்வேலி அண்ணாச்சியின் முறை. "பத்து ரூபாய் கூடக் கொடுத்தா பத்து நிமிஷம் மிச்சம். போவீங்களா அண்ணாச்சி?" என்று பையன் கேட்டார்.

அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பத்து நிமிசத்த மிச்சம் பிடிச்சு நா என்னய்யா செய்யப்போறேன்? லோக்கல்ல போனா நம்மூரு ஆளு நாலு பேரப் பாக்கேன். ஊர்ல மழை உண்டா, இல்லையான்னு கேக்கேன். அதுக்கு நீ எவ்வளவு வெல போடுவ?"

பையன் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. பேனாவை எடுத்து, ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.